பதினேழாம் பக்கத்துக் களவா

திருவொற்றியூர்க் குப்பம்,
அமாவாசை இரவு

அன்புள்ள மகிழினி அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். உங்கள் காலேஜ் சாரிடம்கூட வேண்டாம். போன் நைனாவிடம் இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். காலையில் பக்கத்து வீட்டு ராமசெல்வி அவள் அம்மாவோடு காசிமேட்டுக்கு மீன் எடுக்க வருவாள். நீங்கள் மீன் அளக்கும் இடத்தில் உங்கள் கையிலேயே கொடுப்பாள்.

நீங்கள் நலமா? அம்மாவுக்கு இருமல் பரவாயில்லை. சாம்பல் காற்று இந்த வாரம் குறைவு.

நேற்று நீங்கள் வாங்கிப்போன அளவு நோட்டில் பதினேழாம் பக்கத்தைப் பாருங்கள். ஐந்து களவா மீன். விடியுமுன் அம்மா வீட்டிலேயே அறுத்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, நீங்கள் பழக்கியபடி ஒரு கட்டத்தையும் காலியாக விடாமல் எழுதிவிட்டேன். நீளம், ஆணா பெண்ணா, தேதி, பிடித்த இடம், பிடித்தவர். இடம்: ஊர்ப் பார். பிடித்தவர்: வேலப்பன். என்னைப் பெற்ற நைனா. நோட்டு உங்கள் பைக்குள் போன பிறகுதான் என்ன செய்தேன் என்று எனக்கு உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை அதை ஊர்க்கூட்டத்தில் படிப்பீர்கள். களவா முட்டையிட ஒன்றுகூடும் இந்த மூன்று மாதம் அந்தப் பார்ப் பக்கம், அந்தக் கடல்பாறைப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று ஊர் முடிவெடுத்தபோது முதலில் கை தூக்கியவர் நைனாதான். மீறினால் ஒரு வருஷம் படகு இறங்கக் கூடாது. அந்த வீட்டோடு யாரும் பேசக் கூடாது.

நைனாவிடம் கேட்டேன். “மீனு இன்னா மலரு, காலண்டர் பாத்துகினா முட்டை வுடுது? நான் வுட்டா வேற எவனாவது அள்ளிகினு பூடுவான்” என்று சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை. “ஊரு கண்ணு நம்ம வூட்டு மேலதான் கீது” என்றாள்.

அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் களவா எல்லாம் முதலில் பெண்ணாகத்தான் இருக்கும், பல வருஷம் வளர்ந்து பெரிசான பிறகு சிலதுதான் ஆணாக மாறும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். முன்பக்கங்களில் அறுபது களவாவுக்கு மூன்றுதான் ஆண். நைனா பெரிய மீனாகப் பார்த்து எடுத்ததில் ஒரே ராத்திரியில் நான்கு ஆண் போய்விட்டது. மிச்சமிருக்கும் பெண் மீன்கள் முட்டையிட்டு என்ன பயன்? கிழித்துவிட்டால் இது ஊருக்குத் தெரியவே தெரியாது.

அதனால் கிழிக்க வேண்டாம் அக்கா. மீன் இருக்கட்டும். பெயரை மட்டும் பிளேடால் சுரண்டிவிடுங்கள். தப்பு என்று எனக்குத் தெரியும்.

இன்றைக்கும் போயிருக்கிறார். படகில் விளக்கில்லாமல், அனல்மின் நிலையப் புகைபோக்கியின் சிவப்பு விளக்கைக் குறிவைத்துத்தான் அந்த இடத்தைப் பிடிப்பார். இரண்டு மணிக்கே வந்திருக்க வேண்டும். இப்போது மூன்றரை. வந்தால் கதவைத் தட்ட மாட்டார், ஜன்னல் கம்பியில் மோதிரத்தால் ஒரு தட்டு தட்டுவார். அவர் வந்தால் போதும். காலைப் பிடித்தாவது இனி போகவிட மாட்டேன். நீங்களும் எனக்காக

தட்டுகிறார்கள். கதவை.