இரண்டாம் முறை அழுத்தினால்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கூட்டம். ஜன்னல் இல்லாத அந்த அறையில் ஏழெட்டுப் பேர், ஒரு தட்டு பிஸ்கட், மேசைக்கடியில் ஷூவைக் கழற்றிவிட்டு உட்காரும், 'தாடி' என்று நாங்கள் கூப்பிடுகிற சகா. அவன் சாக்ஸ் நாற்றத்தைச் சகித்துக்கொண்டு நான் லாக், அதாவது நிகழ்வுப் பதிவேடு, பற்றிப் பேச வேண்டும். என்ன பிழைப்போ.

நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் செய்கிறவர்கள். கட்டில் தலைமாட்டில் இருக்கிற அழைப்புப் பொத்தான், ஏசி, கதவு, ஆக்ஸிஜன் குழாய் என்று எதில் எது நடந்தாலும் அது ஒரு நிகழ்வாக வந்து பதிவாகும். பதிவு செய்கிற லாகிங் லைப்ரரி என்ற நிரல் தொகுப்பு என் பொறுப்பு. ஒவ்வொரு நிகழ்வுக்கும் ஒரு நிலை உண்டு. அடியில் டீபக், அதற்கு மேல் இன்ஃபோ, வார்னிங், எரர், உச்சியில் ஃபேட்டல். வார்னிங்கும் அதற்கு மேலே உள்ளவையும்தான் நர்ஸ் மேசைத் திரையில் தெரியும். மற்றவை எங்கோ ஒரு கோப்பில் கிடக்கும், கேட்க நாதி கிடையாது.

யார் எழுந்து ஓட வேண்டும் என்று சொல்வதற்குத்தான் நிலை. தொண்டைத் தண்ணீர் வற்றச் சொல்லியாகிவிட்டது. இவர்களோ எல்லாவற்றையும் எரர் என்று போடுகிறார்கள். ஏசி அரை டிகிரி ஏறினால் எரர். கதவு சாத்தத் தாமதமானால் எரர். தாடியைக் கேட்டால், "எரர்னு போட்டாதான் எவனாவது திரும்பிப் பாக்கறான். இன்ஃபோன்னு போட்டா என் வேலைய யாரு மதிக்கறா?" என்கிறான். கதவு சாத்துவதில் இவனுக்கு மரியாதை வேண்டுமாம்!

மேனேஜருக்கு நாங்கள் வைத்த பெயர் அமைதிப்புறா. எதற்கெடுத்தாலும் அமைதி வேண்டும் அவருக்கு. "நர்ஸுங்களுக்குத் திரையப் பாத்தாலே அலுப்பா இருக்காம். ஒரே விஷயம் திரும்பத் திரும்ப வந்தா அடக்கி வைக்க ஒரு வழி பண்ணுங்க" என்றார், பிஸ்கட் தூளை என் லேப்டாப் மேல் தெளித்தபடி. துடைக்கக்கூடத் தோன்றவில்லை அந்த மனுஷருக்கு.

மார்ச் 5, வியாழன்

எழுதி முடித்தேன். ஒரே நிகழ்வு சற்று நேரத்துக்குள் மறுபடி வந்தால் ஒரு நிலை கீழே இறக்கிவிடும். 'படியிறக்கி' என்று பெயர் வைத்தேன். ஏசிக்கு மட்டும். ஏசி ஒரே பாட்டைத் திருப்பித் திருப்பிப் பாடினால் முதல் தடவை கேட்டதே போதும். அமைதிப்புறா கை தட்டினார். உள்ளங்கை முழுக்க பிஸ்கட் வெண்ணெய்.

மார்ச் 9, திங்கள்

அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பெலும்பு முறிவு. நாளை மறுநாள் ஆபரேஷன்.

வார்டில் கட்டில் தலைமாட்டில் எங்கள் கம்பெனியின் பொத்தான்! அப்பாவுக்கு வலியிலும் ஒரே பெருமை. நர்ஸ், துடைக்க வந்தவர், பக்கத்துக் கட்டில்காரர் எல்லோரிடமும், "இது எம்பொண்ணு செஞ்சது" என்றார். பொத்தான் நான் செய்ததல்ல என்று சொல்லிப் பார்த்தேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. விளையாட்டு வாத்தியாராக இருந்தவர். கழுத்தில் விசிலோடு மைதானத்தையே ஆட்டி வைத்தவர். "அங்க நான் ஊதினா பசங்க ஓடி வருவாங்க. இங்க அமுக்கினா நர்ஸு ஓடி வருது. நல்லாத்தான் இருக்கு" என்று சிரித்தார். அழுத்திக் காட்டினார். நர்ஸும் வந்தாள், சின்ன வயசு, முகம் சுளிக்கவில்லை.

ஆண்கள் வார்டு, ராத்திரி பெண்கள் தங்கக் கூடாதாம். அண்ணன் வெளியூரில். மாத முடிவுக்கு முன் லீவு கிடைக்காது என்கிறான். அவனுக்கு எப்போதுதான் கிடைத்தது?

மார்ச் 10, செவ்வாய்

படியிறக்கி இன்று எல்லா ஆஸ்பத்திரிக்கும் போய்விட்டதாம். லீவில் இருக்கிற எனக்கும் அமைதிப்புறா குரூப்பில் பூப்படம் அனுப்பியிருக்கிறார்.

மார்ச் 11, புதன்

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

மார்ச் 13, வெள்ளி

காலையில் போனபோது அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கிட்டே போன பிறகுதான் வாடை வந்தது. விரிப்பு முழுக்க நனைந்து, ஓரங்களில் காய்ந்தும் போயிருந்தது. அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "அமுக்கினேம்மா. எத்தனையோ தடவ அமுக்கினேன்" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. நர்ஸ் மேசைக்குப் போய்க் கத்தினேன். அதே சின்ன நர்ஸ். "சத்தியமா கூப்பிடலக்கா. திரைய விட்டு நான் நகரவே இல்ல. ஒலி வந்த மாதிரி இருந்துச்சு, பாத்தா ஒண்ணுமே இல்ல" என்றாள். பொய்! வாய் கூசாமல் பொய்! தலைமை நர்ஸிடம் எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன். அவளிடம் எழுத்து மூலம் விளக்கம் கேட்கப் போகிறார்களாம். கேட்கட்டும்.

போனில் அண்ணன், "காசு மட்டும் வாங்கத் தெரியுது" என்று பல்லைக் கடித்தான். அப்பாவோ, "விடும்மா. நான்தான் ரொம்ப நச்சரிச்சிட்டேன் போல" என்கிறார்.

கையை எத்தனை தடவை கழுவினாலும் அந்த வாடை போகவில்லை. வாடை கையிலா இருக்கிறது?

மார்ச் 14, சனி

அப்பா பொத்தானைத் தொடுவதே இல்லை. நான் வரும்வரை அடக்கிக்கொண்டு கிடக்கிறார்.

இன்னும் ஒன்று. தண்ணீர் பாட்டில் வைத்தது வைத்தபடி இருந்தது. கேட்டால், "தாகமே இல்ல" என்கிறார். உதடு வெடித்திருக்கிறது. பக்கத்துக் கட்டில்காரர்தான் மெதுவாகச் சொன்னார்: "தண்ணி குடிச்சா கூப்பிடணும்ல, அதான்." டாக்டர் வந்து திட்டினார். இப்படியே போனால் சிறுநீரகத்தைப் பாதிக்கும், மறுபடி ஊசி, டிரிப்ஸ் என்று. அப்பா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினார். டாக்டர் போனதும் பாட்டிலைத் தள்ளி வைத்தார்.

மைதானம் அதிர ஊதிய மனுஷர். ஒரு மடக்குத் தண்ணீருக்குப் பயப்படுகிறார்.

மார்ச் 15, ஞாயிறு

எழுதவே கை கூசுகிறது.

பொத்தான் பழுதோ என்று சந்தேகம். சின்ன நர்ஸிடம் பேச எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் கேட்டேன். அவள் அப்பாவின் பொத்தானை அழுத்தினாள், நான் திரையருகே நின்றேன். ஒலி வந்தது. அப்பாவின் கட்டில் எண் மஞ்சளில் வந்து நின்றது. வார்னிங். பழுதே இல்லை. "மறுபடி அமுக்கு" என்றேன். அமுக்கினாள். எண் மறைந்துபோனது.

திரை சுத்தமாக இருந்தது. மறுபடி அமுக்கினாள், மறுபடி. ஒன்றுமே இல்லை.

அவள் என் பக்கத்தில் வந்து நின்று, "பாத்தீங்களாக்கா, நான் சொன்னேன்ல" என்றாள். நான் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்தேன்.

ஏனென்றால் எனக்குப் புரிந்துவிட்டது. படியிறக்கி. முதல் அழுத்தல் வார்னிங். ஆள் வருவதற்குள் மறுபடி அழுத்தினால் அது 'திரும்ப வந்த நிகழ்வு'. இன்ஃபோவாக இறக்கிவிடும். இன்ஃபோ திரையில் தெரியாது, இரண்டும் ஒரே நிகழ்வு என்பதால் முதல் அழைப்பையும் சேர்த்துத் துடைத்துவிடும். ஒரு தடவை அழுத்திவிட்டுப் பேசாமல் கிடக்கிறவனுக்கு ஆள் வரும். தாங்க முடியாமல் மறுபடி அழுத்துகிறவன் காணாமல் போவான்.

ஏசிக்கு எழுதியது கட்டிலுக்கு எப்படி வந்தது?

மார்ச் 16, திங்கள்

லீவை ரத்து செய்துவிட்டு ஆபீஸ் போனேன். திறந்து பார்த்தால், 'ஏசி' என்று நான் எழுதிய இடத்தில் ஒரு நட்சத்திரக் குறி. எல்லாவற்றுக்கும் என்று அர்த்தம். தாடி போட்டது.

"மேனேஜர்தான் எல்லாத்துக்கும் போடச் சொன்னாரு" என்றான் தாடி. மனிதர் அழைப்பதும் ஏசி கத்துவதும் ஒன்றா என்றேன். "லாக்ல ரெண்டும் நிகழ்வுதானே?" இதைச் சொல்லும்போது காதைக் குடைந்து விரல் நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அமைதிப்புறா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல, சுளையிலிருந்து வெள்ளை நாரை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் காகிதத்தில் ஒட்டினார். கடைசியில், "திரை இப்ப எவ்ளோ அமைதியா இருக்குன்னு ஆஸ்பத்திரி நிர்வாகமே பாராட்டி மெயில் போட்டிருக்கு. இப்பப் போய் மாத்தினா நாமளே தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். அடுத்த ரிலீஸ்ல சத்தமில்லாம சேத்துக்கலாம். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க" என்றார். எழுந்து வரும்போது, "அப்பாங்கறதால உணர்ச்சிவசப்படறீங்க. புரியுது" என்று ஒரு சுளையை நீட்டினார்.

காறித் துப்பியிருக்க வேண்டும். துப்பவில்லை. மூச்சும் விடவில்லை. வேலை வேண்டுமே. என்னைப் பார்க்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

"ஒரே ஒரு தடவ அமுக்கிட்டுக் காத்திருங்கப்பா. ஆள் வரும்."

"வேணாம்மா. அவங்களுக்குத் தோணும்போது வரட்டும்."

டிரிப்ஸ் ஏற்றிவிட்டார்கள்.

மார்ச் 18, புதன்

அப்பா தன் விசிலைக் கொண்டுவரச் சொன்னார். பீரோவில் தேடி எடுத்துப் போனேன். கையில் மூடி வைத்துக்கொண்டு தூங்கிப்போனார்.

மார்ச் 19, வியாழன்

ஊதிவிட்டார்!

நான் படியேறிக்கொண்டிருந்தேன். வார்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம். பள்ளிக்கூட நாட்களில் என்னை ஓடவைத்த அதே சத்தம். சின்ன நர்ஸ் ஓட, இரண்டு ஆட்கள் ஓட, தலைமை நர்ஸ் கண்ணாடியைப் பிடித்தபடி ஓடி வந்தார். "இது ஆஸ்பத்திரிங்க! அறிவு வேணாமா?" அப்பா நிதானமாக, "பொத்தான அமுக்கினா யாரும் வரல. இப்ப எல்லாரும் வந்துட்டீங்க. எனக்கு ஒண்ணுக்குப் போவணும்" என்றார். வார்டே சிரித்தது. மூலைக் கட்டில்காரர், "சார், நமக்கும் ஒண்ணு வாங்கிக் குடுங்க" என்றார்.

அப்பா சிரிக்கவில்லை. வேலை முடிந்ததும் பாட்டிலை எடுத்துப் பாதி குடித்தார். என் கண் முன்னால்.

தலைமை நர்ஸ் சின்ன நர்ஸைப் பார்த்து, "இன்னும் மெஷின் மேலயே பழியப் போடு. உன்னை வீட்டுக்கு அனுப்பினாத்தான் சரிப்படும்" என்றார். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். விரல்கள் உடைந்துவிடுகிற மாதிரி நெரித்துக்கொண்டிருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "மேடம், தப்பு அவங்க மேல இல்ல. எங்க மேல. காட்றேன் வாங்க" என்றேன். திரையருகே நிறுத்தி ஒரு தடவை அழுத்தவைத்தேன், பிறகு இரண்டாம் தடவை. தலைமை நர்ஸ் முகத்தில் ஈயாடவில்லை. "அப்ப இத்தன நாளா இந்த வார்டுல எத்தன பேரு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அன்றைக்கு எழுதிக் கொடுத்த புகாரை அவர் கையிலிருந்தே வாங்கிக் கிழித்தேன். நேராக நிர்வாக அறைக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு.

மார்ச் 20, வெள்ளி

காலையில் நான் துரோகி. வாடிக்கையாளரிடம் வாய் திறந்தது ஒழுங்கு மீறலாம். அமைதிப்புறா கத்தினார். கத்தத் தெரியும் என்று இன்றுதான் தெரிந்தது. எச்சில் மேசைக்கு இந்தப் பக்கம் வரை.

மதியத்துக்குள் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரிகளிலிருந்து போன். உடனே குரல் வழவழவென்று ஆனது. "சரி செஞ்சிடுங்க, இப்பவே." நட்சத்திரத்தை எடுத்தேன். பொத்தானுக்கு மட்டும் தலைகீழாக எழுதினேன். மறுபடி அழுத்தினால் ஒரு நிலை ஏறும். அதற்கும் ஆள் வராவிட்டால் இன்னொரு நிலை. மாற்றத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில் 'சிறு மேம்பாடு' என்று போடச் சொன்னார். நடந்ததை நடந்தபடி எழுதினேன். தாடி எட்டிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ பச்சையாவா?" என்றான்.

சாயங்காலம் லைப்ரரிப் பொறுப்பு என்னிடமிருந்து போனது. தாடிக்கு. எனக்கு இனி பில் அச்சடிக்கிற பிரிவு. வேலையை விட்டுத் தூக்கத் துணிச்சல் வரவில்லை, ஆஸ்பத்திரி என் பேரைச் சொல்லித்தான் நன்றிக் கடிதம் அனுப்பியிருக்கிறதாம். தாடி கை கொடுத்தான். ஈரமாக இருந்தது. எங்கே துடைப்பது என்று தெரியவில்லை.

ஏப்ரல் 4, சனி

அப்பாவை வீட்டுக்கு அழைத்து வந்து ஒரு வாரம் ஆகப் போகிறது. கிளம்பும்போது சின்ன நர்ஸ் நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு வாசல் வரை வந்தாள். "விசில மறக்காம எடுத்துக்கிட்டீங்களா?" என்று அப்பாவைக் கேட்டாள். என்னைப் பார்த்தும் சிரித்தாள். நான் அதற்குத் தகுதியானவளா என்று யோசித்துக்கொண்டே நானும் சிரித்துவைத்தேன்.

பில் பிரிவு சகிக்கவில்லை. நேற்று தாடி வந்து, லிஃப்ட் நிகழ்வுகளுக்கும் படியிறக்கி போடலாமா என்று கேட்டான். லிஃப்டுக்குள் ஆள் மாட்டிக்கொண்டு அழுத்தினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். அது ஒன்றுதான் இந்த வாரத்தில் நல்லது.

வீட்டில் ஒரு நொடி உட்கார முடியவில்லை. ஃபேனைக் குறைக்க ஒரு விசில். கூட்ட ஒரு விசில். பேப்பர் கீழே விழுந்தால் ஒரு விசில். வாயிலிருந்து எடுத்துத் தலையணை மேலேயே வைக்கிறார், எச்சில் சொட்டச் சொட்ட. கழுவி வைத்தால், "ருசியே போச்சு" என்கிறார். கருமம். பக்கத்து வீட்டம்மா முந்தாநாள் வந்து, என்ன விளையாட்டுப் போட்டியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

ஊதிவிட்டார். தண்ணீர் பாட்டில் காலியாகியிருக்கும், காலையிலிருந்து இது மூன்றாவது. இந்த வரியை முடித்துவிட்டுப் போகலாம் என்று

இரண்டாம் விசில். "காது கேக்கலயா? எத்தன தடவ ஊதறது?" என்று ஒரு அதட்டல் வேறு.

போகிறேன்.