மூன்றாவது சன்னலின் நீலம்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் ஆசை, அம்மா சுகம், முழங்கால் வலி மட்டும் விடவில்லை, என்னைப் பற்றிக் கேட்காதே. நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இரு. உன் புத்தகம் வந்தது. நம் ஆலயத்துச் சன்னல்களின் வரலாற்றை என் மகள் எழுதியிருக்கிறாள் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் பொட்டலத்தையே பிரித்தேன். அம்மா சத்தமாக வாசித்தாள். வண்ணக் கண்ணாடிகளை வைக்கோலில் பொதிந்து கப்பலில் கொண்டுவந்தது, ஒரு பெட்டி புயலில் நனைந்தது, எல்லாம் அழகாக எழுதியிருக்கிறாய், பொய் சொல்லக் கூடாது. நாற்பத்தோராம் பக்கத்தில் அவள் குரல் நின்றுவிட்டது. மூன்றாவது சன்னலின் நீலத் துண்டு பழையதல்ல, பராமரிப்பாளர் ஒருவர் அதை உடைத்துவிட்டு, மருந்துப் பாட்டில் கண்ணாடியைப் பதித்து மறைத்துவிட்டார் என்று போட்டிருக்கிறாய். பெயர் போடவில்லை. முப்பது வருடமாக இங்கே ஒரே பராமரிப்பாளன், பெயர் வேறு எதற்கம்மா?

ஏணி சரிந்து அது உடைந்ததை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. நீ வாராவாரம் போன் செய்து சன்னல்களைப் பற்றிக் கேட்டாய், அப்பாவோடு பேச இவ்வளவு ஆசையா என்று உருகிப்போய், உன்னோடு இருக்கட்டும் என்று சொல்லித்தானே சொன்னேன்? நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் பெற்ற மகளின் வாயால் கெட்டேன். சபைச் செயலாளர் வீட்டுக்கே வந்து சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு போனார். என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாய் மகளே, சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

அதையாவது உருப்படியாகச் செய்தாயா? நான் மூன்றாவது என்றது பீடத்திலிருந்து எண்ணி, துடைக்கிற வேலை அங்கேதான் தொடங்கும், நாங்கள் அப்படித்தான் எண்ணுவோம். நீ வாசலிலிருந்து எண்ணிவிட்டாய். திங்கட்கிழமை ஆள் வைத்து வாசல் பக்கத்து மூன்றாவதிலிருந்து நீலத்தைப் பெயர்த்துவிட்டார்கள். அது கப்பலில் வந்த அசல் கண்ணாடி! ஓடிப்போய்க் கத்தினேன், பீடத்துப் பக்கம் பாருங்கள் ஐயா என்று கெஞ்சினேன். முப்பது வருஷமா வாயத் திறக்காத மனுஷன் இப்ப இன்னொரு சன்னலையும் பேத்தெடுக்கச் சொல்றீங்களா, புத்தகத்துலயே போட்டிருக்கு என்று செயலாளர் சிரித்தார். பாட்டில் துண்டு ஜம்மென்று மேலே இருக்கிறது, அசல் நீலம் கருவி அறையில் ஓட்டைச் சாமான் சாக்கில் கிடக்கிறது, மாதக் கடைசியில் சாக்கு பழைய சாமான்காரனுக்குப் போகும். எடுத்து வைக்க என்னிடம் சாவி இல்லை. செயலாளருக்கு உடனே எழுது, உன் பேச்சைத்தான் நம்புவார்கள். உன் புத்தகம் தப்பு என்று நாலு பேர் முன்னால் நீ ஒப்புக்கொள்ள வேண்டிவரும், அவமானமாக இருக்கும், அது எப்படி இருக்கும் என்று எனக்கு இப்போது தெரியும். போனிலேயே சொல்லியிருப்பேன், உன்னிடம் போனில் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைக்கட்டும். இருமலுக்கு வெந்நீர் குடி. மாதக் கடைசி, மறந்துவிடாதே. எழுதும்போது இந்த முறை என் பெயரைப் போட்டே எழுது.

இப்படிக்கு,
நாற்பத்தோராம் பக்கத்துப் பராமரிப்பாளர் ஒருவர்,
உன் அப்பா.