சிக்குன்குனியா என்று சொன்னாயாமே

அன்புத் தங்கை அபிநயாவுக்கு,

கீழப்பழுவூரிலிருந்து அக்கா வினோதினி எழுதுவது. மாமாவும் அனுசுயா அத்தையும் சௌக்கியம். நீயும் சென்னையில் சௌக்கியமாக இருப்பாய் என்று நினைக்கிறேன். போனில் பேசினால் பாதியில் கட் பண்ணிவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிற ராஜவேல் பார்ப்பார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். அதனால்தான் காகிதம். படித்ததும் கிழித்துப் போடு, எனக்கு வருத்தமில்லை.

கல்யாண வேலை ஒழுங்காக நடக்கிறது. மாமா அரியலூரில் மண்டபம் பேசி முடித்துவிட்டார். உன் முகூர்த்தப் புடவை வந்துவிட்டது, அரக்கு நிறம். கையில் எடுத்துப் பார்த்தேன். "பத்திரம், மடிப்புக் கலைஞ்சிடும்" என்று அனுசுயா அத்தை வாங்கி வைத்துவிட்டார்.

விஷயத்துக்கு வருகிறேன். உனக்கு மாமியாராகப் போகிற புஷ்பவல்லி அம்மா போன மாதம் இங்கே வந்தார். மூத்த மகளை அரியலூரில் கொடுத்திருப்பதால் வேப்பந்தட்டையிலிருந்து அடிக்கடி இந்தப் பக்கம் வருவாராம். நான் ஜெராக்ஸ் கடை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி நொண்டிக்கொண்டே வாசலுக்கு வந்தேன். பார்த்ததும், "உனக்கும் சிக்குன்குனியாவாமே, அபிநயா சொன்னா. என்னையப் பாரு, காய்ச்சல் போயி வருஷமாச்சு, முட்டி இன்னும் விடமாட்டேங்குது" என்றார். எனக்கு ஒரு கணம் ஒன்றும் புரியவில்லை. பிறகு நீ எதற்கு அப்படிச் சொன்னாய் என்று புரிந்தது. தலையாட்டினேன்.

அந்த அம்மாவின் வலியைப் பார்த்து எனக்குப் பொறாமை வந்தது. சிரிக்காதே. அவர் பஸ்ஸில் ஏறியதும் "சிக்குன்குனியா காலுப்பா" என்று சத்தமாகச் சொல்கிறார், யாராவது எழுந்து இடம் கொடுக்கிறார்கள். ரேஷன் கடையில் சொல்கிறார், "எனக்குந்தான்" என்று நாலு பேர் சேர்ந்துகொள்கிறார்கள். என் முட்டியும் விரல் கணுக்களும் அதே மாதிரிதான் காலையில் இறுகிக் கிடக்கின்றன. நாள் முழுக்க மெஷின் பக்கத்தில் நிற்கிறேன். ஒரு ஸ்டூல் கேட்டால் முதலாளி ஏன் என்பார். எச்ஐவியோடு நெடுநாள் இருக்கிறவர்களுக்கு இப்படி மூட்டு வலி வருவது உண்டு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அதை முதலாளியிடம் சொல்ல முடியுமா? புஷ்பவல்லி அம்மாவுக்கும் வைரஸ், எனக்கும் வைரஸ். அவருடையது கொசு கொடுத்தது, அதனால் மரியாதையான வியாதி. என்னுடையது அப்பா அம்மாவுக்குக் கொடுத்து, அம்மா வயிற்றிலிருந்து எனக்கு வந்தது. அதை இந்த ஊர் வியாதி என்று சொல்லாது, வேறு பேர் வைக்கும்.

புஷ்பவல்லி அம்மா என் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துத் தைலம் தேய்த்தார். அவர் முட்டி வலியையும் வைத்துக்கொண்டு கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து தேய்த்தார். அம்மா செத்த பிறகு என்னை யாரும் அப்படித் தொட்டதில்லை. அனுசுயா அத்தை நல்லவர்தான், ஆனால் தட்டை நீட்டும்போது விரல் படாமல் நீட்டத் தெரிந்தவர். அதனால்தான் நீ சொன்ன பொய்யை நானும் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த தடவை ஒரு டப்பா நிறையக் கருப்பு உருண்டை கொண்டுவந்தார். முட்டி வலிக்கு அவர் ஊர்ப் பக்கம் யாரோ வைத்தியர் கொடுப்பதாம். என் மாத்திரையோடு வேறு எதையும் கேட்காமல் சேர்க்கக் கூடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே சாப்பிட்டேன். சிக்குன்குனியாக்காரியாக இருக்க எனக்கு அவ்வளவு ஆசை.

வாந்தி எடுத்தது, கண் மஞ்சளானது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "ஈரல் கெட்டுப்போற அளவுக்கு என்னத்தம்மா தின்னே" என்று டாக்டர் திட்டினார். உருண்டையை நிறுத்தினேன். இப்போது தேறிவிட்டது.

போன ஞாயிறு புஷ்பவல்லி அம்மா இன்னொரு டப்பாவோடு வந்தார். தைலம் தேய்த்துக்கொண்டே சாப்பிடச் சொன்னார். ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். "ஒரே காய்ச்சல்தானே நமக்கு, எனக்கு ஒத்துக்குது, உனக்கு என்ன கேடு" என்று சிரித்துக்கொண்டே ஒரு உருண்டையை என் வாயருகே நீட்டினார். சொல்லிவிட்டேன். எனக்கு இருப்பது என்ன, எப்படி வந்தது, எல்லாம்.

இந்த இடத்தில் காகிதத்தைக் கசக்கியிருப்பாய். பிரித்து மிச்சத்தையும் படி.

அவர் கத்தவில்லை. என் காலை மெதுவாக இறக்கிப் பாயில் வைத்தார். பின்பக்கம் போய்க் கை கழுவினார், ரொம்ப நேரம் கழுவினார். திரும்பி வந்து கேட்ட முதல் கேள்வி, "சின்னவளுக்கு இல்லையே?"

இல்லை என்றேன். நீ பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு மாத்திரையும் உனக்குச் சொட்டு மருந்தும் கொடுத்ததை, பிறகு சோதித்துப் பார்த்து உனக்கு இல்லை என்று சொன்னதை எல்லாம் விளக்கினேன். அவர் முகம் தெளிந்தது. "அப்ப சரி. எம்புள்ளகிட்ட நானே பக்குவமா சொல்லிக்கறேன்" என்றார். உன் கல்யாணத்துக்கு ஒரு குறையும் இல்லை. கிளம்பும்போது மட்டும், "நீ மேடைக்கு வர வேணாம்மா. கால் வலியோட எதுக்கு ஏறி எறங்கிக்கிட்டு. பந்தியில நல்லா சாப்பிட்டுப் போ" என்றார். கால் வலியாம்.

அபிநயா, எனக்கு உன்மேல் பொறாமை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ படியில் தடதடவென்று ஓடி இறங்கும்போது உன் முட்டியைத்தான் பார்ப்பேன். ஒரே வயிறு. நான் வந்தபோது அம்மாவைச் சோதித்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை, நீ வந்தபோது அரசாங்கத்துக்கு முழிப்பு வந்துவிட்டது. இதில் உன் சாமர்த்தியமும் இல்லை, என் பாவமும் இல்லை. ஆனாலும் நீ மேடையில், நான் பந்தியில். அம்மா எனக்குத் தாய்ப்பால் கொடுத்தாள், உனக்குப் பால் பவுடர் கரைத்துக் கொடுத்தாள் என்று சின்ன வயதில் நீ அழுவாய். உனக்கும் என்மேல் பொறாமை இருந்தது என்று நினைத்தால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

நான் மேடைக்கு வர வேண்டாம் என்று புஷ்பவல்லி அம்மா சொன்னதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அது நீ சொல்ல வேண்டியது. தாலி கட்டும்போது உன் மாலையை ஒதுக்கிப் பிடிக்கப் பின்னால் ஒருத்தி நிற்க வேண்டும். நேற்று கடை முடிந்ததும் அந்த மண்டபத்துக்குப் போனேன். மேடைப் படிக்குக் கைப்பிடி இல்லை. சுவரைப் பிடித்து மெதுவாக ஏறிப் பார்த்தேன், இறங்கியும் பார்த்தேன். முடிகிறது.

நோய் நொடி அண்டாமல், பிள்ளை குட்டியோடு நீ நன்றாக இருக்க வேண்டும். இதை மனதாரத்தான் எழுதுகிறேன். ஒரு வார்த்தை கூப்பிடு.

உன் அக்கா,
வினோதினி