ஒன்பதாம் வகுப்பு மரகதம் எழுதிய ‘அது’ என்னும் சொல் குறித்து

அனுப்புநர்
புலவர் மு. தணிகாசலம்,
தமிழாசிரியர்,
அலமேலம்மாள் நினைவு உயர்நிலைப் பள்ளி,
ஒரகடம் வழி,
செங்கற்பட்டு மாவட்டம்.

பெறுநர்
பள்ளிகள் ஆய்வாளர் அவர்கள்,
சரக அலுவலகம்.

பொருள்: எங்கள் பள்ளி அறிவியல் ஆசிரியை செல்வி வத்ஸலாவின் நியமன ஒப்புதலை நிறுத்தி வைத்த ஆணை – மாணவி ஒருத்தி எழுதிய ஒரு சொல்லே அதற்குக் காரணம் எனத் தெரிவது – விளக்கமும் முறையீடும்.

பார்வை: சென்ற மாதம் எங்கள் பள்ளியை ஆய்வு செய்தபின் தாங்கள் அனுப்பிய ஆணை.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஓர் அதிகாரியின் ஆணைமேல் புகார் இருந்தால் அவருக்கு மேலே இருப்பவருக்குத்தான் எழுத வேண்டும் என்று ஆசிரியர் அறையில் எல்லோரும் எனக்குப் புத்தி சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் எழுதிப் பழக்கமில்லாதவன் நான். ஆகவே தங்களுக்கே எழுதுகிறேன். எனக்கு இந்தப் பள்ளியில் கோபக்காரன் என்று பெயர். இம்மனுவில் எங்கேனும் குரல் உயர்ந்திருந்தால் அது பழக்கதோஷம் என்று பொறுத்தருள வேண்டும்.

2. செல்வி வத்ஸலா மேலதிகாரிகளை இழிவாக எழுத மாணவரைப் பழக்குகிறார் என்று ஆணையில் கண்டிருக்கிறது. ஒப்புதல் வராவிட்டால் இம்மாதக் கடைசியில் நிர்வாகம் அவரை விடுவித்தாக வேண்டும். அவர் வருமுன் இரண்டு ஆண்டுகள் எங்கள் பள்ளியில் அறிவியலுக்கு ஆளில்லை. ஓவிய ஆசிரியர்தான் தவளையை வரைந்து காட்டி ஒப்பேற்றிக்கொண்டிருந்தார். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தினமும் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, புழுதி படிந்த முகத்தைப் பள்ளிக் குழாயில் கழுவிக்கொண்டு வகுப்புக்குள் நுழையும் ஓர் ஆசிரியை கிடைத்தது எங்கள் பிள்ளைகளின் யோகம். அவர் போய்விட்டால் திரும்பவும் தவளைதான்.

3. அவர் செய்த காரியம் இன்னதென்று தாங்கள் அறிய வேண்டும். அவர் வந்த புதிதில் எங்கள் மாணவர் அனைவரும் நோட்ஸ் புத்தகத்தைப் பார்த்து, ‘சுண்ணாம்பு நீர் பால்போல் மாறியது’ என்று அழகாக எழுதி வைத்திருந்தார்கள். பள்ளியில் சுண்ணாம்பு நீரே கிடையாது. சாராய விளக்கில் திரி கூட இல்லை. செல்வி வத்ஸலா சிரித்துவிட்டு, அத்தனையையும் அடித்தார். கண்ணால் கண்டதை மட்டும் எழுது. விளக்கு எரியவில்லையென்றால் எரியவில்லை என்றே எழுது என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். நான் பாடுபட்டு ஊட்டி வளர்த்த உவமைகளையும் அடைமொழிகளையும் அறிவியல் ஏட்டிலிருந்து களை பறிப்பதுபோலப் பறித்து எறிந்தார். ‘தெள்ளிய நீர்’ என்பதில் தெள்ளிய எதற்கு என்று என்னிடமே வந்து கேட்டார். இரண்டு வாரம் அவரோடு நான் பேசவில்லை.

4. மறுபடி பேச வைத்தது ஒரு மோட்டார். பள்ளிக் கிணற்று மோட்டார் நின்றுபோய், மின்வாரியத்துக்கு மனு எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. தாகத்தால் வாடும் தளிர்களைப் பற்றி ஒன்றரைப் பக்கம் எழுதினேன். ஒரு காக்கை கூட வரவில்லை. அடுத்த மனுவை அவருடைய வகுப்புப் பிள்ளைகள் எழுதினார்கள். சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை, மூன்று ஃபியூஸில் ஒன்று கருகியிருக்கிறது என்று மூன்றே வரி. மறுநாள் ஒயர்மேன் சரியான ஃபியூஸ் கம்பியோடு வந்து நின்றார். அன்றைக்கு நானே போய் அந்த அம்மாளுக்குக் காப்பி வாங்கிக் கொடுத்தேன். எழுத்து என்றால் என்ன என்பதில் எனக்கும் அவருக்கும் இன்றும் ஒத்துப்போகாது. ஆனால் அவர் எழுதக் கற்றுக்கொடுக்கிறார் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

5. இனி அந்த ஆய்வு நாள். தாங்கள் ஒன்பதாம் வகுப்பில் வந்து அமர்ந்தபோது சோதனை செய்து காட்டப் பொருள் எதுவும் இல்லை. ஆகவே செல்வி வத்ஸலா, இப்போது கண்ணெதிரே நடப்பதைச் சோதனைக் குறிப்பாக எழுதுங்கள் என்றார். கண்ணெதிரே நடந்ததோ தாங்கள்தான். தாங்கள் கையை நீட்டி வாங்கிய தாள் மரகதத்தினுடையது. அதில் இருந்ததை அப்படியே தருகிறேன்: ‘ஆய்வாளர் ஒன்று எடுத்துக்கொள்ளப்பட்டது. அது நாற்காலியில் அமர்த்தப்பட்டது. முதலில் சிவந்து காணப்பட்டது. மோர் சேர்க்கப்பட்டது. சிவப்பு மெல்லக் குறைந்தது. இரண்டு வடைகள் சேர்க்கப்பட்டன. முழுவதும் கரைந்தன. தலைமையாசிரியர் சேர்க்கப்பட்டதும் மீண்டும் சிவந்தது.’

6. இதைப் படித்ததும் தாங்கள் தாளை மேஜைமேல் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டீர்கள். தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதையே செய்திருப்பேன், இன்னும் சத்தமாக. ஓர் அதிகாரியை ‘அது’ என்பதா? தமிழில் இதைவிடப் பெரிய வசவு உண்டா? ஆனால் ஐயா, அந்தப் பெண் வசவு எழுதவில்லை, விதியை எழுதினாள். சோதனைக் குறிப்பில் செய்தவர் பெயர் வரக்கூடாது, நான் நீ அவர் எதுவும் வரக்கூடாது, பொருளைச் சொல், அதற்கு நடந்ததைச் சொல் என்பது அவளுக்குச் சொல்லித்தந்த பாடம். அமிலமும் அது, காந்தமும் அது. மேஜைக்கு அந்தப் பக்கம் இருப்பது எதுவானாலும் அது. ஆளை அஃறிணையாக்கக் கூடாது என்று விலக்குச் சொல்ல ஆசிரியைக்குத் தோன்றவில்லை. ஆய்வாளரைச் சோதனைக் குழாயில் போடுவார்கள் என்று யார்தான் நினைப்பார்கள்? திணை இலக்கணம் நடத்துவது என் வேலை. பிழை என்று ஒன்று உண்டானால் ஆணை என் பெயருக்கு வந்திருக்க வேண்டும்.

7. தாங்கள் அந்தத் தாளை முழுவதும் படிக்கவில்லை என்று அறிகிறேன். அடுத்த வரி இது: ‘அதன் இடது குதிகாலில் செருப்பு கடித்த புண் இருந்தது. இரத்தம் வந்துகொண்டிருந்தது. அது யாரிடமும் சொல்லப்படவில்லை.’ சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி ஏறிய பஸ் வழியில் நின்றுபோக, மிச்ச தூரத்தைத் தாங்கள் வெயிலில் நடந்தே வந்தது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. மாலையோடு வாசலில் காத்திருந்த நாங்கள் ஒருவரும் தங்கள் காலைப் பார்க்கவில்லை. முகத்தைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தோம். தங்களை ‘அது’ என்று எழுதிய பெண் ஒருத்திதான் பார்த்தாள். இதைப் படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. எங்களுக்குப் பதில் அவளை வாசலில் நிறுத்தியிருந்தால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீராவது தங்களுக்குக் கிடைத்திருக்கும்.

8. ஆணை வந்த மறுநாள் மரகதத்தின் தாயார் செங்கமலம், வடக்குப்பட்டிலிருந்து கழனி வேலையைப் போட்டுவிட்டு வந்து பள்ளி வாசலில் நின்றார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். செல்வி வத்ஸலாவின் முறை அதுதான். ‘இன்னா சார், எங்க பொண்ணு எழுதிச்சுன்னு டீச்சரம்மாவ போவச் சொல்ட்டாங்களாமே? அது நேத்துலேர்ந்து சோறு துன்னாம அழுதுகினு கீது சார். அதோட அப்பாவும் கழனிக்குப் போச்சு, அப்படியே திரும்பி வந்துடுச்சு.’ பெற்ற மகளும் அது, கட்டிய கணவரும் அது. இந்தப் பகுதி வீடுகளில் பிரியமானவர்களை இப்படித்தான் சொல்கிறார்கள். உவப்பின் காரணமாகத் திணை மாறினால் குற்றமில்லை என்று இலக்கணமும் இடம் கொடுக்கிறது. மரகதத்துக்கு அந்த இலக்கணம் தெரியாது. அந்த வீடு தெரியும்.

9. பள்ளியை விட்டே நின்றுவிடுகிறேன், டீச்சர் இருக்கட்டும் என்று அந்தப் பெண் தலைமையாசிரியரிடம் சொல்லியிருக்கிறாள். அவளை அழைத்து உட்கார வைத்துத் தாளை மறுபடி பார்த்தேன். சோதனைக் குறிப்பில் கண்டதை எழுதிய பிறகு, அதிலிருந்து அறிவது என்ன என்று கடைசியாக ஒரு பகுதி எழுத வேண்டும். மரகதம் தலைப்பை மட்டும் எழுதிக் கீழே காலியாக விட்டிருந்தாள். நேரம் போதவில்லையா என்று கேட்டேன். இல்லையாம். ‘ஒரே ஒரு தபா பாத்துட்டு இன்னான்னு முடிவு எழுதக் கூடாதுன்னு டீச்சர் சொல்லிக்கிறாங்க சார். அவரு இன்னொரு தபா வந்தார்னா பாத்துட்டு எழுதலாம்னு வுட்டுட்டேன்’ என்றாள்.

10. இப்போது அவள் தங்களை ‘அவரு’ என்கிறாள் என்பதையும் கவனிக்கக் கோருகிறேன். ஒரு நாள் கண்டதை வைத்துத் தங்களைப் பற்றி முடிவு கட்ட மாட்டேன் என்கிறாள் அந்தப் பெண். ஒரு தாளில் பாதியைக் கண்டு அவளுடைய ஆசிரியையைப் பற்றித் தாங்கள் முடிவு கட்டிவிட்டீர்கள்.

ஆகவே ஐயா, மாதம் முடியுமுன் ஒரு நாள் எங்கள் பள்ளிக்கு மறுபடி வாருங்கள். ரயிலடிக்கு நானே மாட்டு வண்டி கொண்டுவருகிறேன். செல்வி வத்ஸலாவின் வகுப்பில் முழுதாக ஒரு மணி நேரம் உட்காருங்கள். அதன்பிறகு தாங்கள் எழுதும் முடிவு எதுவானாலும் வாய் திறக்காமல் ஏற்றுக்கொள்வேன். அதுவரை ஆணையை நிறுத்தி வைத்து அந்த அம்மாளை வகுப்பில் இருக்கவிடும்படி மன்றாடிக் கேட்கிறேன்.

தாளில் காலியாக இருக்கும் இடத்தை யாரும் தொடவில்லை.

இடம்: ஒரகடம்
நாள்: 12–2–1979

தங்கள் வருகையை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) மு. தணிகாசலம்