வளைகுழாயில் சுற்றியிருந்த பட்டு

கோபம் வந்தாலும் முதலில் உங்களிடமே சொல்லிப் பழகிய என் அன்பு அத்தானுக்கு,

நீங்கள் போய் மூன்று கல்லறைத் திருநாள் கடந்துவிட்டது. மூன்றுக்கும் வந்தேன், மெழுகுவர்த்தி ஏற்றினேன், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. இன்று சொல்லப் போகிறேன். அதுவும் உங்கள் காதோடு அல்ல, செண்பகனூரில் எழுத்துக்கூட்டத் தெரிந்த எல்லாரும் படிக்கும்படி.

விஷயம் உங்கள் மோட்டார் சைக்கிள். அதைவிட முக்கியம், செல்லம்மா. பதினோரு வருடம் நம் வீட்டில் வேலை பார்த்த, மேல்மலைப் போளூர்ச் செல்லம்மா. என் பட்டு ஸ்கார்ஃபைத் திருடினாள் என்று நான் வெளியே அனுப்பிய செல்லம்மா. அவள் பெயரில் பட்ட கறையைத் துடைக்க வேண்டியவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் நீங்கள், மண்ணுக்குள் சௌகரியமாகப் படுத்திருக்கிறீர்கள். மிச்சம் நான்.

ஊருக்குத் திரும்பிப் போன இங்கிலாந்துச் சாமியார் உங்களுக்கு விட்டுப் போன வண்டியை இப்போது நம் மகள் ஸ்டெல்லா ஓட்டுகிறாள். மற்ற மோட்டார் சைக்கிள்கள் காற்றிலேயே குளிரும். இதற்கு மட்டும் காரைப் போல முன்னால் ரேடியேட்டர், அதற்குத் தண்ணீர். சத்தம் போடாத வண்டி என்பதால், ஒரு நர்ஸ் சேலையோடு அதில் போவதை ஊரும் பெரிதுபடுத்தவில்லை. ஆனால் ஒரு வருடமாக அது தண்ணீரை எங்கோ விட்டுக்கொண்டிருந்தது. பூம்பாறை தாண்டுவதற்குள் கொதித்து நின்றுவிடும். பிள்ளை மருந்துப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பாள்.

பாண்டியைக் கூப்பிட்டேன். ஒட்டன்சத்திரத்தில் லாரிகளுக்கு வேலை பார்த்துவிட்டு இங்கே சாலையோரம் கடை போட்டிருக்கிறானே, அவன்தான். வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மஞ்சப்பொடி இருக்காம்மா வீட்டுல?" என்றான்.

"எதற்கு?"

"ரேடியேட்டர்ல போடத்தான். ஓட்டை தன்னால அடைச்சுக்கும். ஒட்டன்சத்திரம் லாரியெல்லாம் இப்படித்தாம்மா ஓடுது."

"லாரிக்குக் குழம்பு வைக்கிறார்களா அங்கே?"

"சிரிக்காதீங்கம்மா. இதுக்கும் கேக்கலைன்னா முட்டை வெள்ளை ஊத்துவோம். வெரசா நிக்கும்."

நின்றது, ஒரு வாரம். பிறகு மறுபடி மஞ்சள், மறுபடி முட்டை. ஒரு நாள் நான் இல்லாதபோது ஏதோ பசை. எது எங்கே ஒழுகுகிறது என்று யாருமே குனிந்து பார்க்கவில்லை. எல்லாரும் ஊற்றினார்கள். இந்த நாட்டில் எதையும் இப்படித்தானே சரிசெய்கிறார்கள், அத்தான்?

போன மாதம் பொறுமை போய்விட்டது. தண்ணீரை முழுக்க இறக்கச் சொன்னேன். ஸ்டெல்லா அடித் திருகைத் திறந்தாள். வந்தது தண்ணீரா? சீ! மஞ்சளாக, நூல் நூலாக, மூக்குச் சளியைப் போல ஒன்று வழிந்து வாளியில் விழுந்தது. ஒரு வருடத்து முட்டை வெந்து வெந்து அழுகிய நாற்றம். பிரசவம் பார்க்கிற பிள்ளை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோட்டத்துக்கு ஓடினாள். எனக்கு அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை.

இனி யாரும் எதையும் ஊற்றக் கூடாது, பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தேன். கான்வென்ட்டில் எங்களுக்குச் சொல்லித் தந்தது ஒன்றுதான். கறையைக் கண்டால் மேலே மூடாதே, எங்கிருந்து வந்தது என்று தேடு.

சோடா உப்பும் வெந்நீரும் விட்டு நான்கு தடவை அலசினோம். வெளிப்பக்கத்தைத் துணியால் ஈரம் போகத் துடைத்து, குழாய் இணைகிற இடங்களில் எல்லாம் சாக்பீஸ் பொடியைத் தூவினேன். அடியில் வெள்ளைக் காகிதம் விரித்தேன். துணிக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்துத் தண்ணீரோடு ஊற்றினேன். பாண்டி கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "என்னம்மா, வண்டிக்கு வெள்ளாவி வைக்கிறீங்க? எனக்கு வேற சோலி கெடக்கு" என்றான். நில் என்றேன், நின்றான்.

எஞ்சின் ஓடாதபோது ஒரு சொட்டு இல்லை. ஓட விட்டுக் கால் மணி நேரம் கழிந்ததும் காகிதத்தில் ஒரு நீலப் பொட்டு. ஆனால் பாண்டி ஒரு வருடமாக அடைத்துக்கொண்டிருந்த ரேடியேட்டருக்கு நேர் கீழே அல்ல. ஒரு சாண் பின்னால். சாக்பீஸ் பொடியில் நீலம் ஒரு கோடு இழுத்திருந்தது. அந்தக் கோட்டைப் பிடித்து மேலே போனால், எஞ்சினுக்குத் தண்ணீர் போகிற உலோக வளைகுழாய். கை நுழையாத இடம். அதில் கரியும் எண்ணெயும் பிடித்த ஒரு தடித்த கட்டு.

பாண்டி குழாயைக் கழற்றி பிளேடால் அறுத்தான். மேலே கம்பி. அதன் கீழே கறுப்பு டேப். அதற்கும் கீழே வார்னிஷில் ஊறி இறுகிய துணி, பல சுற்று. குழாயில் நீளவாக்கில் ஒரு வெடிப்பு.

"இது பனியில வெடிச்சதும்மா," என்றான். "சாயங்காலம் தண்ணிய எறக்காம விட்டிருக்காங்க. உள்ளுக்குள்ள ஒறஞ்சு ஒடச்சிருச்சு."

மார்கழி, தை முழுக்க சாயங்காலமானால் நீங்கள் அந்தத் தண்ணீரை இறக்கி வைப்பீர்கள், காலையில் என் அடுப்பிலிருந்து வெந்நீர் எடுத்துப் போய் ஊற்றுவீர்கள். ஒரு நாளும் மறந்ததில்லை என்று பாண்டியிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஸ்டெல்லா அந்தத் துணியின் ஓரத்தை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். நீல நூலில் குறுக்குத் தையல். என் முதலெழுத்து. பதினாறு வயதில் நானே தைத்தது.

எமர்ஜென்சி நடந்த அந்தக் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? பட்டு ஸ்கார்ஃபைக் காணோம் என்று நான் அலமாரியைக் கலைத்துத் தேடினேன். நீங்களும் கூடத் தேடினீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தீர்கள். அந்தக் குனிவை நினைத்தால் இப்போதும் எனக்குக் குமட்டுகிறது. வாளியில் விழுந்த மஞ்சள் சளிகூட அவ்வளவு குமட்டவில்லை.

செல்லம்மாவைக் கேட்டேன். "ஒங்க துணி எனக்கெதுக்கும்மா? பட்டு கட்டிக்கிட்டுப் பூண்டு வெட்டவா?" என்றாள். அதை நான் திமிர் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிறு பூசை முடிந்து, பெண்களெல்லாம் கோயில் வாசலில் நிற்க, குடை கொண்டுவந்த அவளிடம், "திருடியை இனி வீட்டில் ஏற்ற மாட்டேன்" என்றேன். நீங்கள் இரண்டடி தள்ளி நின்றீர்கள். அதே வாரம்தான், "ரோஸ், வண்டி ஒழுகுவது நின்றுவிட்டது" என்று சந்தோஷமாகச் சொன்னீர்கள். நானும் சந்தோஷப்பட்டேன்.

பாண்டி வெடிப்பைப் பித்தளையால் பற்றவைத்துத் தந்தான். மறுநாள் வெள்ளனே ஸ்டெல்லாவின் பின்னால் உட்கார்ந்து போளூர் போனேன். வழியில் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. என் இடுப்புதான் ஒடிந்தது.

பூண்டுக் களத்தில் மதியச் சாப்பாட்டுக்குக் கலைகிற நேரம். மற்ற பெண்கள் பேசிக்கொண்டே போனார்கள். செல்லம்மா மட்டும் நின்று, தானாகவே மடியை விரித்துக் காட்டினாள். களத்துக்காரி தடவிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னாள். எட்டு வருடமாக இது அவளுக்கு வழக்கமாகிவிட்டிருக்கிறது. நான் செண்பகனூரில் சொன்ன ஒரு சொல் மலையேறி இங்கே வந்து அவளுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

களத்துக்காரி காதில் விழும்படி சொன்னேன்: "செல்லம்மா, நீ எடுக்கவில்லை. ஐயாதான் எடுத்து வண்டியில் சுற்றியிருக்கிறார். நேற்றுதான் கண்டேன்."

அவள் ஆச்சரியப்படவே இல்லை, அத்தான். "தெரியும்மா," என்றாள். "ஐயா மறு சனிக்கெழமையே இங்க வந்தாரு. கைக்கு ஆப்ட்டதை எடுத்துக் கிழிச்சிட்டேன், அம்மா துணின்னு அப்புறம்தான் தெரிஞ்சதுன்னாரு. தண்ணி எறக்க மறந்ததையும் சேத்துச் சொல்லணுமேன்னாரு. அம்மாகிட்ட அடுத்த வாரம் சொல்றேன்னாரு. அடுத்த வாரமும் அதையே சொன்னாரு. பெறகு வரவே இல்லை."

போளூர்ப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை கணக்குச் சொல்லித் தருவதை நிறுத்தினீர்களே, முதுகுவலி என்று. உங்கள் முதுகுக்கு நான் ஐந்து வருடம் தைலம் தேய்த்தேன்.

"நீ ஏன் வந்து சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னா நம்பியிருப்பீங்களாக்கும்?"

உங்கள் மேல் வந்த அருவருப்பில் பாதி அந்த இடத்தில் என் பக்கம் திரும்பிவிட்டது. ஒரு கிழிந்த துணியைப் பற்றியும் ஒரு மறதியைப் பற்றியும் பெண்டாட்டியிடம் சொல்ல முடியாதபடி நான் என்ன முகத்தோடு இந்த வீட்டில் நடமாடினேன்? ஆனாலும் நீங்கள் சொல்லியிருக்கலாம். நான் கத்தியிருப்பேன். கத்தினால் என்ன? ஒரு வாரம் கத்தியிருப்பேன். அதற்கு எட்டு வருடமா விலை, அதுவும் வேறொருத்தி கொடுக்க?

மன்னிப்புக் கேட்டேன். அவள் மடியை உதறிக் கட்டிக்கொண்டாள். "இங்க சொல்லி என்னம்மா ஆவப்போவுது? என்னைத் திருடின்னது அங்க. அங்க போயிச் சொல்லுங்க."

சரியாகத்தான் சொன்னாள். அதனால்தான் இதைக் கல்லறையில் மடித்து வைக்காமல் கோயில் வாசல் பலகையில் ஒட்டுகிறேன். செல்லம்மா திருடவில்லை. எடுத்தவர் என் கணவர். பழி போட்டவள் நான்.

வருகிற ஞாயிறு பூசை முடிந்ததும் அதே வாசலில் நின்று இதையே வாயாலும் சொல்வேன், அத்தான். உங்கள் பெயரை மறைக்க மாட்டேன், என் பெயரையும் மறைக்க மாட்டேன். செல்லம்மா வருவதாக வாக்குக் கொடுக்கவில்லை. "பூண்டு வெட்டு முடியட்டும், பாப்போம்" என்றாள். வந்தாலும் வராவிட்டாலும் சொல்வேன். யாராவது என் முகத்துக்கு நேரே முணுமுணுத்தால் நின்று கேட்டுக்கொள்வேன்.

கோபம் தீராமலும் உங்கள் மனைவிதான்,
ரோஸ்லின்