தேன்மொழி பேச்சைக் குறைத்த காலம்

அத்தை,

இன்று பள்ளி விட்டு வரும்போது பொன்னேரி ஸ்டேஷன் கடையில் உங்கள் படக்கதைப் பத்திரிகையின் இந்த மாத இதழ் கிளிப்பில் தொங்கிக்கொண்டிருந்தது. வாங்கியதும் முகர்ந்து பார்த்தேன். அதே மை வாசனை. பெஞ்சில் உட்கார்ந்து, உங்களைப் போலவே உதட்டை அசைத்து முதல் பக்கத்தைப் படித்தேன். ஒரு போலீஸ்காரர் திருடனைத் துரத்திக்கொண்டே பேசுகிறார். பேசிக்கொண்டே இருக்கிறார். பாதியில் எனக்கு மூச்சு வாங்கியது. புத்தகத்தை மூடிவிட்டேன். உங்களிடம் பேச வேண்டும் போலிருந்தது.

படக்கதைக்கு எடிட்டர் எதற்கு என்று எங்கள் வகுப்பில் கேட்பார்கள். படம் வரைய ஒருவர் இருக்கிறார், கதை எழுத ஒருவர் இருக்கிறார், உன் அத்தைக்கு அங்கே என்ன வேலை என்பார்கள். எழுத்துப்பிழை பார்க்கச் சேர்ந்து ஆசிரியர் நாற்காலி வரை போனவர் நீங்கள். உங்கள் வேலை முழுவதும் எனக்கும் தெரியாது. நான் பார்த்தது இதுதான்: படங்கள் வரைந்து வந்தபின், பாத்திரங்களின் தலைக்கு மேல் இருக்கும் வெள்ளை பலூன்களில் நீங்கள் பென்சிலால் பேச்சை நிரப்புவீர்கள். ஒவ்வொரு வசனத்தையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பீர்கள். ஒரே மூச்சில் முடியாவிட்டால் வெட்டிவிடுவீர்கள்.

"ஒரு பலூன், ஒரு மூச்சு. ஓடுறவன் நின்னு மூச்சு வாங்கினு பேச மாட்டான்டீ" என்பீர்கள்.

விடுமுறையில் உங்களோடு ஆபீஸுக்கு வருவேன். ரயிலில் பெண்கள் பெட்டியில் நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வர, எதிரில் கூடையோடு குந்தியிருந்த மீன்காரம்மா ஒருநாள் கேட்டார்: "இன்னாம்மா, தானா பேசிக்கினு வர? ஊட்ல சண்டையா?"

"நான் பேசலம்மா. இவ பேசுறா" என்று தேன்மொழியின் படத்தைக் காட்டினீர்கள். பழவேற்காட்டு ஏரியில் படகோட்டிக்கொண்டே துப்பறியும் உங்கள் தொடர்கதைப் பெண்.

"நல்லா கீது போ. எங்க ஊட்டுக்காரரும் இப்டித்தான். நான் கத்துவேன், அவரு பொம்மையாட்டம் குந்திக்கினு இருப்பாரு."

பெட்டியே சிரித்தது. எல்லோரையும் விட அதிகமாகச் சிரித்தது நீங்கள்தான். அன்று உங்கள் சிரிப்பு எவ்வளவு நீளமாக இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

அப்பா மட்டும் உங்களைச் சீண்டுவார். "யக்கா, பொம்ம புக்குக்காவா தெனம் ரயிலேறி மெட்ராஸ் போற? எங்க கம்பெனிலயே கணக்கு எழுத ஆள் தேடுறாங்க" என்பார். ஆனால் புது இதழ் முதலில் அவரோடுதான் கும்மிடிப்பூண்டிக்கு, இரும்பை உருட்டிக் கம்பியாக்கும் அவர் கம்பெனிக்குப் போகும். என் கைக்கு வரும்போது ஓரமெல்லாம் கிரீஸ் கறை இருக்கும்.

போன முழுஆண்டு விடுமுறையில் உங்கள் அலமாரியிலிருந்த பழைய இதழ்களை எடுத்து, தேன்மொழியை முதலிலிருந்து வரிசையாகப் படித்தேன். ஆரம்பத்தில் அவள் பெரிய வாயாடி. பலூன் முட்ட முட்டப் பேசுவாள். போகப் போக அவள் பேச்சு குறைந்தது. கடைசி இதழ்களில், "நில்!", "யார் அது?", அவ்வளவுதான். வாசகர் கடிதங்களில் பாராட்டியிருந்தார்கள்: வசனம் கூர்மையாகிவிட்டதாம்.

"ஏன் அத்தை, தேன்மொழி இப்போ கம்மியா பேசுறா?"

"வளந்துட்டா" என்றீர்கள்.

நான் நம்பிவிட்டேன். ஆனால் அடுத்த நாள் ஸ்டேஷன் படிக்கட்டுப் பாலத்தில் பாதி ஏறியதும் நீங்கள் கம்பியைப் பிடித்து நின்றீர்கள், ரயில் வருகிறதா என்று பார்ப்பதுபோல. ரயில் ஏற்கெனவே வந்து நின்றிருந்தது. உங்கள் தோள் ஏறி இறங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேன்மொழி வளரவில்லை. உங்கள் மூச்சுதான் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. அதை வைத்தே நீங்கள் அவளையும் அளந்திருக்கிறீர்கள்.

நான் கேட்கும் முன்பே சொன்னீர்கள்: "உங்கப்பன்கிட்ட சொல்லாதடீ. ஊட்ல குந்த வெச்சிடுவான். கதை முடியட்டும்."

அன்று மாலையே அப்பாவிடம் சொன்னேன்.

அதன்பின் எல்லாம் நீங்கள் பயந்தபடியே நடந்தது. ஆஸ்பத்திரியில் நுரையீரல் சுருங்கிக்கொண்டே வருகிறது என்றார்கள். ரயில் கூடாது, படி கூடாது என்றார்கள். உங்கள் நாற்காலிக்கு வேறொருவர் வந்தார். தேன்மொழியின் கடைசிப் பகுதியை மட்டும் ஆபீஸில் உங்களுக்கே விட்டுவைத்தார்கள்.

நீங்கள் என்னோடு பேசுவதை நிறுத்தினீர்கள். "அவங்களால பேச முடியலடி, நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத" என்றார் அம்மா. ஆனால் அம்மாவிடம் "தண்ணி" என்றீர்கள். அப்பாவிடம் "போதும்டா" என்றீர்கள். பால்காரரிடம்கூட ஏதோ சொன்னீர்கள். பள்ளியிலிருந்து வந்ததும் உங்கள் கட்டிலருகே நிற்பேன். நீங்கள் கண்ணை மூடிக்கொள்வீர்கள். அது கோபமா, களைப்பா என்று எனக்குத் தெரியவில்லை. உள்ள கொஞ்ச மூச்சில் எனக்கென்று எதுவும் ஒதுக்கவில்லையோ என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசிப் பகுதியின் படங்கள் வந்தன. தலையணைகளில் சாய்ந்தபடி எழுதினீர்கள். எல்லா பலூனிலும் ஒரு சொல், இரண்டு சொல். இறுதிப் படத்துக்கு வந்ததும் கையசைத்து என்னைக் கூப்பிட்டீர்கள். நடு ஏரியில், புயலில், தேன்மொழி படகில் நின்று கரையைப் பார்த்துக் கத்துகிறாள். பலூனுக்குள் நெருக்கமாக எழுதியிருந்தீர்கள். படி என்று உங்கள் வாயைத் தொட்டுக் காட்டினீர்கள்.

எனக்குப் பயமாக இருந்தது. உங்கள் மூச்சுக்குத் தகுந்தபடி இரண்டு சொல் சொல்லி நிறுத்தி, இரண்டு சொல் சொல்லி நிறுத்திப் படித்தேன்.

"என்னை மாதிரி... ஏன்டீ படிக்கிற?" என்றீர்கள். எத்தனையோ நாளுக்குப் பிறகு எனக்கு வந்த பேச்சு. "உன் மூச்சுல... சொல்லு."

சொன்னேன். "நான்தான் வர்றேன், காத்து வலுக்குது, எல்லாரும் வீட்டுக்குள்ள போங்க, எனக்காக யாரும் கரையில நிக்க வேணாம்!"

நிறுத்தாமல் முடித்தேன். நீங்கள் ஓரத்தில் சரி என்று குறி போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டீர்கள். என்னிடம் அதற்குமேல் எதுவும் பேசவில்லை. அந்த இதழ் அச்சாகி வந்தபோது நீங்கள் இல்லை.

நான் சொன்னதால்தான் நீங்கள் அந்தச் சில மாதமாவது இருந்தீர்கள் என்கிறார் அப்பா. மறுபடி அந்தப் பாலத்தில் நின்றாலும் சொல்லத்தான் செய்வேன், அத்தை. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. சந்தேகம் வேறு. அன்று என்னைக் கூப்பிட்டது கோபம் தீர்ந்ததாலா, அல்லது கடைசிப் பக்கத்துக்கு முழு மூச்சு ஒன்று தேவைப்பட்டு, வீட்டில் என்னுடையது கிடைத்ததாலா? முதலாவதாக இருக்க வேண்டும் என்று தினமும் ஆசைப்படுகிறேன். ஆனால் நீங்கள் எப்படிப்பட்ட எடிட்டர் என்று எனக்குத் தெரியும்.