இறுதிப் பாடலில் இல்லாத ஓசை

ஞாயிறு இரவு.

நாளை இராணுவத்தில் சேரப் புறப்படும் என் மகன் டேனியலைத் தடுக்க, மகள் ஒரு ராக் குழுவின் போர் எதிர்ப்பு ஆல்பத்தை மாலையில் ஒலிக்கவிட்டாள்.

"சிப்பாய்ங்கள கேவலப்படுத்துறானுங்க லா, நிப்பாட்டு!" என்றார் மைத்துனர்.

"போகப்போறது நீங்க இல்ல மாமா, அண்ணன்."

முழுவதும் கேளாமல் தீர்ப்புக் கூறலாகாது என்று இருவரையும் அடக்கினேன். இறுதிப் பாடலில் பூட்ஸ் காலடிகள் நெருங்கி வந்து நின்றன. கதவு ஒருமுறை தட்டப்பட்டது. மனைவி எழுந்துபோய்த் திறந்துவிட்டாள். தேயிலைச் சரிவிலிருந்து ஏறிய மூடுபனியைத் தவிர வாசலில் எவருமில்லை.

ஒருமுறை மட்டும் தட்டுவது மனிதரல்ல, மூன்றுமுறை தட்டாமல் திறக்கக் கூடாது என்பது எங்கள் தோட்ட லயத்து வழக்கம். அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கியவன் நான்.

பாடலை மீண்டும் கேட்டோம். காலடிகளோடு அது முடிந்துவிடுகிறது.

"நாளைக்கே போகணுமாப்பா?" என்று மைத்துனர் மெல்லக் கேட்டார். டேனியல் எழுந்து உள்ளே போனான். அவன் அறையில் இன்னும் விளக்கு எரிகிறது.